நீலம் இல்லாத மீன்கொத்தி

பழைய பொருளுக்கு விலை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒருவர் பேச்சை மட்டும் நம்பாதீர்கள் என்பதுதான். கத்தரிக்காய் வாங்கினாலே நாலு கடை ஏறி இறங்குகிறோம். கையில் இருக்கும் தபால்தலையோ நாணயமோ என்ன பெறும் என்பதை ஒரே ஆளிடம் கேட்டு முடிவு செய்யலாமா? விலைக் கையேட்டைப் பாருங்கள் என்பேன். அதில் இருப்பது வியாபாரி ஆசைப்படும் விலை, ஆகவே ஏலத்தில் உண்மையிலேயே என்ன விலைக்குப் போனது என்றும் விசாரியுங்கள். அசலா போலியா என்ற சந்தேகம் இருந்தால் விற்கிறவரிடம் கேட்காதீர்கள். அந்தப் பொருள் யார் கைக்குப் போனாலும் லாப நஷ்டம் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். முப்பத்தாறு வருடங்களாக இதைச் சொல்லி வருகிறேன். நல்ல அறிவுரைதான் மேடம். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்.

என் தங்கைக்கும் அதையேதான் சொன்னேன். அவளும் அதன்படியே நடந்தாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது நான். முதலில் கோணல் வகிடாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள், ஆனால் அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெயர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. பாப்பா என்றுதான். ஐம்பத்து நான்கு வயதிலும் அவள் எனக்குப் பாப்பாதான்.

இருபத்திரண்டு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். இருக்கிற இடம் தெரியாத மனிதர். நான்கு மணி நேர ரயில் தூரத்தில் கடலோர ஊர் ஒன்றில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் அவள் போன பிறகுதான் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடங்கள் அந்தச் சத்தத்தோடு இருந்தேன்.

அந்தப் பதினெட்டு வருடங்களில் என் தொழிலில் நான் மேலே வந்தேன். சேகரிப்போர் சங்கம் போடும் விலைக் கையேட்டுக்கு என்னைப் பதிப்பாசிரியர் ஆக்கினார்கள். பிறகு, அசல் என்று சான்றிதழ் கொடுக்கும் குழுவுக்கும் தலைவர் ஆனேன். யாரிடமும் ஒரு வாய் தேநீர்கூட வாங்கிக் குடிக்காமல் சான்றிதழ் கொடுப்பவன் என்று பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை.

என்னைப் பார்த்துப் பார்த்து மாப்பிள்ளைக்கும் தபால்தலைப் பைத்தியம் பிடித்தது. விடுமுறைக்கு வந்தால் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். எதையும் தொட மாட்டார். "மச்சான், ஒரு நாள் நானும் உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன். அசந்துடணும் நீங்க" என்பார். நானும் சிரிப்பேன்.

அவர் கவுண்டரில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நாற்பத்தேழு வயது. அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பாப்பாவும் அவள் மகளும் இரண்டு பெட்டிகளும் ஒரு தையல் மெஷினுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். "பதினஞ்சு நாள் அண்ணா, அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கறேன்" என்றாள்.

மகளுக்கு அப்போது பதினாறு. மிருக வைத்தியத்துக்குப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். மாட்டின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உரக்கப் படிப்பாள். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடும். சமையலறையில் ஏதாவது கீழே விழும், இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். என் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்காமல் போயிற்று. மேடம், நீங்கள் குடும்பத்தோடு இருப்பவர் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது.

இருபதாம் நாள் பாப்பா ஒரு கவரை என் மேசையில் வைத்தாள்.

"அவர் ரிட்டயர் ஆகற அன்னைக்கு உனக்குக் காட்டணும்னு வெச்சிருந்தார் அண்ணா. என் வளையல் நாலையும் வித்து வாங்கினது. அப்ப நான் ஒரு வாரம் அவர்கூடப் பேசல. 'உன்னையும் பொண்ணையும் இது காப்பாத்தும், என்னை நம்பு'ன்னார். இதை வித்தா அந்த ஊர்லயே ஒரு சின்ன வீடு பாத்து, முன்னால தையல் கடை போட்டுக்கலாம். இவளும் படிச்சிடுவா. உனக்கும் பாரமா இருக்க வேண்டாம்."

பாரம் என்று நான் சொன்னதே இல்லை. அவளாகச் சொன்னாள்.

கவருக்குள் ஒரு மீன்கொத்தித் தபால்தலை. இந்த வரிசை வந்த புதிதில் தாள் தாளாக நான் பார்த்திருக்கிறேன். பழுப்பும் ஆரஞ்சும் ஒரு தடவை அச்சாகும், நீலம் இன்னொரு தடவை. ஒரே ஒரு தாள் இரண்டாவது தடவைக்குப் போகாமலே அடுக்கில் சேர்ந்துவிட்டது. அதில் பறவைக்கு முதுகு கிடையாது. வயிறும் அலகும் கண்ணும் மட்டும் வெள்ளைக் காகிதத்தில் நிற்கும். நூறு தபால்தலைகள். ஒரு தபால் நிலையத்தில், ஒரே கவுண்டரில், யாரும் கவனிக்காமல் விற்றுப்போயின. முக்கால்வாசி, கடிதங்களில் ஒட்டப்பட்டுக் குப்பைக்குப் போய்விட்டன. மீதி எங்கெங்கே இருக்கின்றன என்று உலகத்தில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் தெரியும். அவ்வளவு அரிது என்பதால் சாதாரண மீன்கொத்தியில் நீலத்தை அமிலம் வைத்துக் கரைத்து, போலி செய்கிறவர்களும் உண்டு.

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளுக்குச் செருப்பு வாங்க இருவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். நான் ஜன்னலோரம் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இடுக்கியால் எடுத்தேன். பூதக்கண்ணாடி, புற ஊதா விளக்கு, தபால்தலை ஓரத்துப் பற்களை அளக்கும் அட்டை, எதையும் விடவில்லை. அமிலம் பட்ட காகிதத்தில் நார் சிலிர்த்து நிற்கும். இதில் காகிதம் பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. பின்பக்கப் பசை உடையவில்லை. இடது ஓரத்தில் மூன்றாவது பல் மட்டும் குட்டை. நீலம் விட்டுப்போன அந்தத் தாளுக்குத் துளை போட்டபோது மட்டும் அச்சக இயந்திரத்தில் ஓர் ஊசி வளைந்திருந்தது, ஆகவே அதில் வந்த நூறுக்கும் அந்தப் பல் குட்டை, சாதாரண மீன்கொத்திக்கு அப்படி இருக்காது. வீட்டில் உட்கார்ந்து போலி செய்கிறவனால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அது அதுதான்.

பழக்கதோஷத்தில் சீட்டு எழுதினேன். எதைச் சோதித்தாலும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைப்பது வழக்கம். கடைசி வரி: அசல், ஐயமில்லை. எழுதி முடித்ததும் மாப்பிள்ளையின் நினைவு வந்தது. அசந்துதான் போயிருந்தேன்.

அப்போது கீழே தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மாவும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். புதுச் செருப்பு கடித்ததோ என்னவோ, பெண் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்தாள். பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இந்தச் சிரிப்பு இனி நான்கு மணி நேரம் தள்ளி இருக்கப்போகிறது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் அவளிடம் போலி என்று சொன்னேன். என் வாழ்நாளில் ஆயிரம் தடவையாவது சொன்ன சொல். நாக்கு கொஞ்சம்கூடப் பிறழவில்லை.

"நல்லா பாத்தியா அண்ணா?"

"பாத்தேன்."

"அவர் ஏமாந்துட்டாரா?"

"அவர் மேல தப்பு இல்ல பாப்பா. நல்லவங்கதான் ஏமாறுவாங்க."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் சில்லறை வாங்கினாக்கூட ரெண்டு தடவை எண்ணறவர்" என்றாள்.

நம்பவில்லை என்று தெரிந்தது. ஆகவே நானே சொன்னேன்: "என் பேச்சை மட்டும் நம்பாதே. வேற நாலு இடத்துல கேளு." மறைக்க நினைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் கேட்டாள். கடைத்தெருவில் தபால்தலை வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவர் கையேட்டை விரித்து விலையைக் காட்டிவிட்டு, இது அசலாக இருந்தால்தான் என்று சொல்லி, முதல் பக்கத்தைத் திருப்பி என் பெயரைக் காட்டி, "இவர்கிட்ட கேளுங்கம்மா" என்றார். பஸ் பிடித்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து ஏலக்காரரைப் பார்த்தாள். குழுவின் சான்றிதழ் இல்லாமல் ஏலத்தில் சேர்க்க மாட்டோம் என்றார் அவர். குழுவின் தலைவர் யார் என்று கேட்டிருக்கிறாள். "உங்க அண்ணன்தாம்மா. வீட்லயே டாக்டரை வெச்சிக்கிட்டு ஊர் ஊரா மருந்து தேடறீங்களே!" என்று அவர் சிரித்தாராம். கடைசியாக வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு மகளை விட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னாள். மூன்று மாதம் காத்திருந்தாள். பதில் அவளுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. உங்கள் ஊர்ப் பொருள், நீங்கள் பார்த்தீர்களா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரே வரியில் பதில் போட்டேன். அவர்கள் அதையே தட்டச்சு செய்து, முத்திரை வைத்து அவளுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கடிதம் வந்த அன்று அவள் என் அறை வாசலில் நின்று சொன்னாள்: "எங்க போய்க் கேட்டாலும் திரும்ப உன் வாசல்லதான் கொண்டுவந்து விடறாங்க அண்ணா." பிறகு கவரை நீட்டினாள். "நீயே கிழிச்சுப் போட்டுடு. என்னால முடியல."

வாங்கிக்கொண்டேன். கிழித்துவிட்டேன் என்று சாயங்காலம் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மாப்பிள்ளையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டிருப்பேன். என் தங்கைதான் விடவில்லை.

அந்தத் தபால்தலையை மாப்பிள்ளை எங்கள் தெருமுனைக் கடிகாரக் கடையில்தான் வாங்கியிருந்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவர். தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர், ஏனென்றால் எப்போது போய்க் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பார். பாப்பா நேராகப் போய் அவரிடம் கேட்டிருக்கிறாள், ஏன் எங்க வீட்டுக்காரரை ஏமாத்தினீங்க என்று. மனிதர் கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார். "வாலிப வயசுல தபாலாபீசுல நானே கியூவுல நின்னு வாங்கினதும்மா. நாலு வாங்கி ரெண்டை லெட்டர்ல ஒட்டிட்டேன். அப்புறம்தான் பறவைக்கு முதுகு இல்லன்னு பாத்தேன். ஒண்ணு உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தேன், அதோட ஜோடி இன்னும் எங்கிட்ட இருக்கு. வேணும்னா கொண்டுபோய் யார்கிட்ட வேணாலும் காட்டுங்க."

ஜோடி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரியாத யாரிடமாவது அது போனால் பாப்பாவுக்கு உண்மை தெரிந்துவிடும். அதைவிட, ஒரு போலி இருக்கிறது என்றால் அதைச் செய்த ஆள் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? இல்லையென்றால் கதை நிற்காது. அவர் மேசையில் அமிலம் உண்டு, பென்சீன் உண்டு, கண்ணில் செருகும் லென்ஸ் உண்டு. கடிகாரம் துடைக்க வைத்திருந்தவைதான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

அந்த மாதம் கையேட்டின் புதிய பதிப்பு அச்சுக்குப் போகவிருந்தது. மீன்கொத்திக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்தேன்: இடது ஓரத்தில் மூன்றாவது பல் குட்டையாக இருப்பவை போலி. அசலுக்கு அடையாளமாக எனக்கு மட்டும் தெரிந்திருந்ததைப் போலிக்கு அடையாளமாக மாற்றிவிட்டேன். அந்தப் பதிப்பு வெளியான பிறகு இரண்டு பேர் எனக்கு எழுதினார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். குட்டைப் பல் வைத்த ஒன்று தன்னிடம் இருந்ததாகவும், நல்லவேளையாகப் பேரப்பிள்ளைகளை ஏமாற்றாமல் அடுப்பில் போட்டுவிட்டதாகவும் நன்றி தெரிவித்திருந்தார். அந்தக் கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டுமானால் தருகிறேன்.

புகாரை எழுதியதும் நான்தான், பாப்பா கையெழுத்து மட்டும் போட்டாள். உங்களுக்கு முன்னால் இந்தக் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தவர் வந்து கடையைச் சோதித்தார். கடிகாரக்காரர் ஜோடித் தபால்தலையைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். மனைவி அழுதபோது, "எதுக்கு அழுவுற? நாளைக்கு வந்துடுவேன். அந்தப் பெரியவரோட அலாரம் கடிகாரம் ரெடியா இருக்கு, வந்தா குடுத்துடு" என்றாராம். தெருவில் சிலர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று.

நீதிமன்றத்தில் நான்தான் நிபுணர் சாட்சி. நீதிபதி அவரிடம், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சார், நீங்க மறுபடி ஒரு தடவை கண்ணாடி வெச்சுப் பாருங்க. அவசரத்துல பாத்திருப்பீங்க. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. நீங்க பாத்துட்டா எனக்குப் போதும்."

பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் கண்ணாடியை எடுத்து வைத்து, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரையும் நம்பாத ஒரு மனிதருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அழகான அசல். பாப்பாவிடம் இருந்ததைவிடப் பசை சுத்தமாக இருந்தது. போலி என்றேன்.

இரண்டு வருடம் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் சிறைக்குள்ளேயே இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது என்றார்கள். அவருக்கு முன்பிருந்தே மூச்சு சரியில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜோடித் தபால்தலையைப் போலி என்பதால் அழித்துவிட உத்தரவு. அதை அழித்த அன்று நான் போகவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க முடியாது.

பாப்பா என் வீட்டுக்கு வந்து மொத்தம் பதினான்கு வருடங்கள். நல்ல வருடங்கள் மேடம், அப்படித்தான் சொல்ல வேண்டும். மிருக வைத்தியம் படிக்க முடியவில்லை. மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள் பெண். கல்யாணம் செய்து வைத்தேன். பக்கத்தில்தான் இருக்கிறாள். பாப்பா அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்தாள், எனக்குச் சமைத்துப் போட்டாள். எனக்கு ஜுரம் என்றால் ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள். மாப்பிள்ளையைப் பற்றி எப்போதாவது பேச்சு வந்தால், "அந்த ஏமாந்த சோணகிரியை நம்பி வளையலைக் கழட்டிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்பாள். முதலில் வருத்தமாகச் சொன்னாள். பிறகு கசப்பாக. கடைசியில் வேடிக்கையாகவே சொல்ல ஆரம்பித்தாள், மகளும் சேர்ந்து சிரிப்பாள். அப்போது மட்டும் நான் எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன்.

அலமாரியில், மேல் தட்டில், சாம்பல் நிற ஆல்பத்தில் அந்த மீன்கொத்தி இருந்தது. கிழிக்கவில்லை என்பதுதான் உங்களுக்கே தெரியுமே. எத்தனையோ தடவை எடுத்தேன். விரல் வரவில்லை. அசல் பொருள் ஒன்றை நான் கெடுத்ததே கிடையாது. சீட்டையும் அதோடு வைத்திருந்தேன். சீட்டு இல்லாமல் ஒரு பொருளை வைப்பது முறையில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த வருடம் எனக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று மங்கல். ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ அட்டையின் நம்பர் கேட்டு போன் வந்தது. அலமாரியைத் திறந்து எடுத்து வா என்று நானே பாப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தாள், நம்பரைப் படித்தாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு பத்து நாட்கள் அவள் என் கண்ணுக்கு மருந்து விட்டாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இமையை விரித்துப் பிடித்து, ஒரு சொட்டு. துடைப்பதற்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

பதினோராம் நாள் கட்டு முழுவதும் எடுத்தாயிற்று. காலையில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பாப்பா வந்து எதிரே, மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"இதைப் படிச்சுக் காட்டு அண்ணா. கண்ணு சரியாயிடுச்சான்னு பாப்போம்."

என் கையெழுத்து. படித்தேன். காகிதம், பசை, பல், மை. குரல் நடுங்காமல்தான் படித்தேன்.

"கடைசி வரி?"

"அசல், ஐயமில்லை."

"தேதி?"

தேதியைப் படித்தேன்.

"அப்ப நீ எங்கிட்ட போலின்னு சொன்னதுக்கு முந்தின நாள்."

"ஆமா."

"அவர் ஏமாறல."

"இல்ல."

"அந்த மனுஷன் ஏமாத்தவும் இல்ல."

"இல்ல பாப்பா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தைக்கிறபோது நூல் அறுந்தால் எப்படி ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாளோ அப்படி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு வருஷம்" என்றாள். "செத்துப்போன மனுஷனை உக்காந்து திட்டியிருக்கேன். அவர் பொண்ணையும் சேத்துத் திட்ட வெச்சிருக்கேன். ஒண்ணும் தெரியாத இன்னொருத்தரைக் கையெழுத்துப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பியிருக்கேன். எதுக்கு அண்ணா?"

"நீ போயிடுவேன்னுதான். உன்னை என்கூட வெச்சுக்கணும்னுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மருந்து விட்ட பத்து நாளும் அவ்வளவு பக்கத்தில் பார்த்த முகம். ஆனால் என்னால் இப்போதுதான் தெளிவாகப் பார்க்க முடிந்தது. கிழடு தட்டியிருந்தது.

"கேட்டிருந்தா இருந்திருப்பேனே அண்ணா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது. உண்மையாக இருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆற்றாமையில் சொல்கிற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று சோதித்துப் பார்க்க இப்போது வழியில்லை. போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். போயிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்?

அவள் எடுத்துக்கொண்டது தையல் மெஷினையும் அவர் படத்தையும் மட்டும்தான். பெட்டிக்கு அடியில் கிடந்ததில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. முந்தானையால் துடைத்தாள், மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். மகள் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். தெருமுனையில் கடிகாரக்காரரின் மனைவி இன்னும் அந்தப் பூட்டிய கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் இருந்தாள். அங்கே போனாள். வாசலில் விழுந்து அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் என் ஜன்னல் வரை கேட்டது. அந்த அம்மா முதலில் கதவைச் சாத்திவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார். இப்போது இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். பழைய கடையைத் திறந்து கூட்டி, மெஷினைப் போட்டிருக்கிறாள்.

நீங்கள் என்னை அழைத்து வந்தபோது வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாப்பாவின் மகளும் நின்றிருந்தாள். "மாமா" என்று எப்போதும் கூப்பிடுகிறவள், இன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்ன கேட்கிறாள் என்று சொன்னீர்கள். பணம் வேண்டாம், தன் கணவர் ஏமாறவில்லை, கடிகாரக்காரர் ஏமாற்றவில்லை என்று என் கைப்பட எழுதித் தர வேண்டும் என்கிறாள். எழுதித் தருகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரே ஒரு சங்கடம்: பொய்ச் சாட்சி சொன்னவன் என்று ஒப்புக்கொண்டவனின் கையெழுத்தை இனி எந்தக் குழுவும் ஏற்காது. வேறு யார் பார்த்தாலும் என் கையேட்டைத் திறந்து குட்டைப் பல்லைத்தான் காட்டுவார்கள். அது அசல் என்பது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், என் பேச்சுக்கு மதிப்பு இல்லை.

மேசையில் அதை வைத்திருக்கிறீர்களே, அந்தக் கவரில் பின் குத்தாதீர்கள் மேடம். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தபால்தலை அசல். முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தே என் தங்கையிடம் பொய் சொன்னேன், தெரிந்தே கையேட்டில் பொய் அச்சிட்டேன், தெரிந்தே ஒரு குற்றமற்றவர் சிறைக்குப் போகச் சாட்சி சொன்னேன், அவர் அங்கே செத்தார். யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் சொன்னதில் கூட்டியது குறைத்தது எதுவும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு சின்ன உதவி மட்டும். வெளியே போகும்போது பாப்பாவிடம் சொல்லுங்கள், வீடு சும்மாதான் கிடக்கிறது, அந்த ஒற்றை அறையில் அவள் ஏன் நெருக்கிக்கொண்டு கிடக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்று, இனி என் மேல் கோபப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? எனக்கு எத்தனை வருடம் கொடுத்தாலும் கொடுக்கட்டும். நான் திரும்பி வருகிற வரைக்கும் அவள் அங்கேயே இருக்கட்டும். இருப்பாள் மேடம், எனக்குத் தெரியும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?